பித்தப்பைக் கல்லுக்கு வாழைத்தண்டுச் சாறு குடித்தால் கரையுமா?

கேள்வி: 38 வயது மனைவிக்கு ஸ்கேனில் பித்தப்பையில் கல் என்று வந்திருக்கிறது. இதுவரை வலி இல்லை. சாப்பாட்டாலும் நாட்டு மருந்தாலும் கரைக்க முடியுமா? மேற்கொண்டு வராமல் இருக்க என்ன செய்யலாம்?

கரையாது. வாழைத்தண்டு நல்ல காய்தான், பொரியலாகவோ கூட்டாகவோ தாராளமாகச் சாப்பிடட்டும். ஆனால் அதை மருந்தாக நம்பி நாங்கள் நான்கு மாதத்தைக் கழித்தோம். அதனால் என்ன ஆனது என்று சொல்லிவிடுகிறேன்.

அம்மா இருப்பது குடியாத்தத்தில். கிருத்திகை விரதம், வெள்ளிக்கிழமை விரதம் இரண்டையும் விடமாட்டார். ஆடிக் கிருத்திகை அன்று ரத்தினகிரி போய்த் திரும்பும்வரை வெறும் தண்ணீர்தான். மற்ற நாட்களிலும் எல்லோருக்கும் டிபன் கட்டிக் கொடுத்துவிட்டு, அவர் முதல் வாய் சாப்பிடப் பதினொரு மணி ஆகிவிடும். ஆம்பூரில் ஒரு கல்யாணத்துக்குப் போய்ப் பிரியாணி சாப்பிட்டு வந்த ராத்திரி, வலது விலாவுக்குக் கீழே பிடித்துக்கொண்டது. முதுகுக்கும் வலது தோள்பட்டைக்கும் வலி ஏறியது. வாய்வுப் பிடிப்பு என்று ஓமத் தண்ணீர் கொடுத்தோம். இரண்டு மணி நேரத்தில் வலி விட்டது, ஓமம்தான் கேட்டது என்று நினைத்தோம். உண்மையில் அந்த வலியே அப்படித்தான். கொழுப்புச் சாப்பாட்டுக்குப் பித்தப்பை சுருங்கும்போது கல் அதன் வாயை அடைக்கும். கல் நகர்ந்ததும் வலி தானாக அடங்கிவிடும்.

மூன்றாவது முறை வந்தபோதுதான் ஸ்கேன் எடுத்தோம். கல் என்று தெரிந்ததும் எதிர்வீட்டு அக்கா சொன்னார்: “கிட்னிக் கல்லே கரையுதும்மா, இது கரையாதா?” அவர் அக்கறையில் சொன்னதுதான். அன்றிலிருந்து காலையில் வாழைத்தண்டுச் சாறு, சாயங்காலம் சிறுபீளைக் கஷாயம்.

இங்கேதான் எல்லோரும் தடுமாறுகிறோம். வாழைத்தண்டு, சிறுபீளை, நெருஞ்சில் எல்லாம் சிறுநீரை அதிகம் போகவைக்கத் தருபவை. சிறுநீரகத்தில் உள்ள சின்னக் கல் சிறுநீரோடு வெளியேற வழி இருக்கிறது. பித்தப்பை இருப்பது கல்லீரலுக்கு அடியில். அதிலிருந்து வரும் பித்தநீர் மெல்லிய குழாய் வழியாகக் குடலுக்குப் போகிறது. சிறுநீர்ப் பாதைக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. கல்லும் வேறு: சிறுநீரகக் கல் பெரும்பாலும் கால்சியம் உப்பு, பித்தப்பைக் கல் பெரும்பாலும் கெட்டிப்பட்ட கொலஸ்ட்ரால்.

நான்காவது மாதம் அம்மாவுக்குக் கண் மஞ்சளானது. சிறுநீர் டிகாக்‌ஷன் நிறத்தில் போனது, மலம் வெளுத்தது, உடம்பெல்லாம் அரிப்பு. மஞ்சள் காமாலை என்று ஒரு வைத்தியரிடம் கீழாநெல்லி வாங்கிக் கொடுத்து, உப்பில்லாப் பத்தியமும் வைத்தோம். ஐந்து நாள் வீணாகப் போனது. ஆறாவது நாள் குளிர் காய்ச்சல் தூக்கிப் போட்டது. கல் பித்தக் குழாயில் இறங்கி அடைத்திருந்தது, உள்ளே கிருமித் தொற்று. எண்டோஸ்கோப்பி வழியாகக் கல்லை எடுத்து, அப்புறம் லேப்ராஸ்கோப்பியில் பித்தப்பையையும் எடுத்தார்கள். அடைப்பினால் வரும் காமாலைக்கு அடைப்பை எடுப்பதுதான் வைத்தியம், அங்கே எந்த மூலிகைக்கும் வேலையில்லை. அந்த ஐந்து நாளை நினைத்தால் இப்போதும் எனக்கு மனசு ஆறவில்லை.

வாட்ஸ்அப்பில் எண்ணெயும் எலுமிச்சைச் சாறும் குடித்துக் கல்லை வெளியேற்றும் முறை ஒன்று சுற்றுகிறது. மறுநாள் பச்சையாக உருண்டைகள் வந்து விழும். அவை கல் அல்ல. குடித்த எண்ணெயே வயிற்றுக்குள் சோப்பு மாதிரி திரண்டு வருவது. அவ்வளவு எண்ணெய் ஒரே மூச்சில் போனால் பித்தப்பை பலமாகச் சுருங்கி, கல்லைக் குழாய்க்குள் தள்ளிவிடவும் கூடும். மஞ்சள்தூளை உருண்டையாக விழுங்குவதும் வேண்டாம், மஞ்சளும் பித்தப்பையைச் சுருங்க வைக்கும். குழம்பில் போடுகிற அளவால் ஒன்றும் ஆகாது.

உங்கள் மனைவிக்கு வலி இல்லை என்பது நல்ல விஷயம். கல் இருப்பவர்களில் பெரும்பாலோருக்குக் கடைசிவரை தொந்தரவே வருவதில்லை, அவர்களுக்குப் பொதுவாக உடனே ஆபரேஷன் சொல்வதும் இல்லை. கால்சியம் படியாத சின்னக் கொலஸ்ட்ரால் கல்லாக இருந்தால் கரைக்க மாத்திரை உண்டு. ஆனால் மாதக்கணக்கில், சில சமயம் இரண்டு வருடம்வரை சாப்பிட வேண்டும், நிறுத்தியபின் பலருக்கு மறுபடியும் வருகிறது. இது அவருக்குப் பொருந்துமா என்று டாக்டரிடம் கேளுங்கள்.

சாப்பாட்டால் நிஜமாகவே செய்ய முடிவது, புதுக் கல் சேரும் வாய்ப்பைக் குறைப்பது. முதலில் காலைச் சாப்பாட்டைத் தள்ளிப்போட விடாதீர்கள். வயிறு காய்ந்தே இருந்தால் பித்தநீர் பையிலேயே தேங்கிக் கெட்டிப்படும். அவசரமாக எடை குறைப்பதும் கல்லுக்கு வழிதான். வாரத்துக்கு அரை கிலோ, மிஞ்சினால் ஒரு கிலோ போதும். எண்ணெயை அடியோடு நிறுத்துவதும் தப்பு. கொஞ்சம் கொழுப்பு போனால்தான் பை சுருங்கிக் காலியாகும். தாளிக்கிற அளவுக்குக் கடலை எண்ணெய் இருக்கட்டும். பரோட்டா, பஜ்ஜி, வனஸ்பதிப் பலகாரம், கறியில் மிதக்கும் கொழுப்பு, ஆற்காடு மக்கன் பேடா மாதிரி நெய்யும் சர்க்கரைப் பாகும் ஊறிய இனிப்பு, இவற்றை அபூர்வமாக மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

நம் பக்கத்துப் பழைய சாப்பாட்டிலேயே தேவையான நார்ச்சத்து இருக்கிறது. கேழ்வரகுக் களியும் கீரைக் கடைசலும், காராமணிக் குழம்பு, கொள்ளு ரசம், ஒரு கைப்பிடி வேகவைத்த வேர்க்கடலை என்று மாற்றி மாற்றிச் செய்யலாம். இலவம்பாடி முள்ளுக் கத்திரிக்காயை எண்ணெயில் மிதக்க விடாமல் சுட்டுக் கடைந்தால் அதுவும் ருசிதான். சீரகத் தண்ணீர், மோர் குடித்தால் வயிறு லேசாக இருக்கும், அதற்காகக் குடிக்கட்டும்.

வலி சில மணி நேரம் தாண்டியும் விடவில்லை, காய்ச்சல், நிற்காத வாந்தி, கண் மஞ்சள், இதில் எது வந்தாலும் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்கள், ராத்திரியானாலும் விடியட்டும் என்று காத்திருக்க வேண்டாம்.

அம்மா இப்போது எல்லாமே சாப்பிடுகிறார். ஆபரேஷன் முடிந்த முதல் சில வாரம் எண்ணெய்ப் பண்டம் பட்டால் வயிறு இளகிப் போனது, பிறகு சரியாகிவிட்டது. கிருத்திகை விரதத்தை மட்டும் விடவில்லை. ஆனால் அன்றைக்கும் காலை எட்டு மணிக்குள் ஒரு சொம்பு கேழ்வரகுக் கூழ் குடித்துவிட்டுத்தான் கோயிலுக்குக் கிளம்புகிறார்.