அந்தக் கார்டை யார் கையிலும் கொடுத்துவிடாதீர்கள், தம்பி

கேள்வி: என் அப்பா 1981-லிருந்து 1985 வரை மீட்டர்கேஜ் ரயில் லைனில் கேசுவல் லேபராக, அதாவது நிரந்தரமில்லாத தினக்கூலியாக வேலை பார்த்தார். "வேலை முடிந்துவிட்டது, போ" என்று நிறுத்திவிட்டார்கள். வேலை நாட்களைக் குறித்துக் கொடுத்த கார்டு மட்டும் பத்திரமாக இருக்கிறது. நான் பத்து வருடமாக ஒரு ரயில்வே ஜங்ஷனில் காண்ட்ராக்டில் துப்புரவு வேலை செய்கிறேன். இதுவரை மூன்று காண்ட்ராக்டர் மாறிவிட்டார்கள். இப்போது ஒருவர் வந்து, "அப்பாவின் ஒரிஜினல் கார்டையும் இரண்டரை லட்சத்தையும் கொடு, அவர் சீனியாரிட்டியில் உன்னைப் பர்மனென்ட் ஆக்குகிறேன்" என்கிறார். கொள்முதல் நிலையத்தில் நெல் போட்ட பணம் கையில் இருக்கிறது. அம்மா கொடுத்துவிடு என்கிறார். என்ன செய்யட்டும்?
(பேரளத்திலிருந்து ஒரு வாசகர்)

பதில்: தம்பி, ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள். கார்டையும் கொடுக்காதீர்கள். முன்பணம் ஏதாவது கொடுத்திருந்தால் உடனே காவல் நிலையத்தில் எழுத்துமூலமாகப் புகார் கொடுத்து ரசீது வாங்குங்கள். அப்பாவின் கேசுவல் சர்வீஸ் மகனுக்கு வாரிசாக வரும் என்று ரயில்வேயில் எந்த விதியும் இல்லை. கருணை அடிப்படையில் வேலை என்பது முக்கியமாகப் பணியில் இருக்கும்போது இறந்துபோன, அல்லது உடல் முடியாமல் வேலையை விட நேர்ந்த ஊழியரின் குடும்பத்துக்கானது. உங்கள் அப்பா நல்லபடியாக இருக்கிறார், இருக்கட்டும். அவர் பெயரைச் சொல்லி உங்களை உள்ளே நுழைக்க யாராலும் முடியாது.

ஆனாலும் அந்தக் கார்டைப் பற்றிக் கொஞ்சம் பேச வேண்டும். என் சித்தப்பா திருத்துறைப்பூண்டி பக்கம் தண்டவாளம் பராமரிக்கும் கேங்கில் இருந்தவர். அவருடைய கார்டை நான் சின்ன வயதில் கையில் வைத்துப் பார்த்திருக்கிறேன். மடித்து மடித்து நடுவில் கிழிந்து, சோறு வைத்து ஒட்டியிருந்தது. பெயர், தகப்பனார் பெயர், அங்க அடையாளம், எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதிவரை வேலை என்ற வரிசை, பக்கத்தில் பி.டபிள்யூ.ஐ. (தண்டவாளப் பாதை இன்ஸ்பெக்டர்) கையெழுத்து. கீழே நீல மசியில் இடது பெருவிரல் ரேகை. ஐப்பசி அடைமழையில் தண்டவாளத்துக்கு அடியில் மண் அரித்துவிடாமல் ராத்திரியெல்லாம் ஜல்லி தட்டிய விரல் அது. சித்தப்பா கார்டைப் பவுடர் டப்பாவுக்குள் சுருட்டி வைத்திருந்தார். அதே கேங்கில் இருந்த அவருடைய கூட்டாளியின் கார்டு, கூரை ஒழுகி ஊறிப்போய்விட்டது. பிறகு கேசுவல் ஆட்களை நிரந்தர வேலைக்குத் தேர்ந்தெடுக்கும் ஸ்கிரீனிங் வந்தபோது சித்தப்பா உள்ளே போனார். கூட்டாளி, "நான் இருந்தேன் சார், இவங்களைக் கேளுங்க" என்று சாட்சி சொல்ல ஆள் கூட்டிக்கொண்டு அலைந்தார். கடைசிவரை நடக்கவில்லை. இரண்டு பேரும் தட்டியது ஒரே ஜல்லிதான்.

அந்தக் காலத்து விதி இதுதான்: ஓடிக்கொண்டிருக்கும் லைனில் தொடர்ந்து 120 நாள் வேலை பார்த்தால் 'டெம்பரரி ஸ்டேட்டஸ்' கிடைக்க வேண்டும், அதாவது நிரந்தரத்துக்கு முந்தைய படியான தற்காலிக ஊழியர் தகுதி. புதிய பாதை, கேஜ் மாற்றம் மாதிரி ப்ராஜெக்ட் வேலைக்கு நீண்ட காலம் அந்த விதியே இல்லை. 1985-ல் இந்தர் பால் யாதவ் வழக்கில் உச்ச நீதிமன்றம் தலையிட்ட பிறகுதான் 360 நாள் வேலை பார்த்த ப்ராஜெக்ட் ஆட்களுக்கும் படிப்படியாக அந்த உரிமை வந்தது. 1981 தொடக்கத்துக்கு முன்பே நிறுத்தப்பட்டவர்களும் மனுப் போட 1987 மார்ச் 31 வரை கெடு கொடுத்தார்கள். நம் தென்னக ரயில்வே தொழிலாளர் சங்கம் ஒன்று போட்ட வழக்கில் வந்த உத்தரவு அது. எத்தனை பேருக்கு அந்தச் செய்தி போய்ச் சேர்ந்தது? நடவுக்கும் அறுப்புக்கும் நடுவில் வயிற்றுப்பாட்டுக்கு லைன் வேலைக்குப் போன ஆட்கள். பேப்பர் படிக்கிறவர் தெருவுக்கு ஒருவர் இருந்தால் அதிகம். உங்கள் அப்பாவுக்கு அப்போதே யாராவது சொல்லியிருந்தால், அவர் பெயர் கேசுவல் ஆட்களுக்கான ரெஜிஸ்டரில் ஏறி, முறைப்படி கூப்பிட்டிருக்கலாம். இன்று அவருக்கு வேலை வயது தாண்டிவிட்டது. இதை மறைத்து உங்களுக்கு ஆறுதல் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

உங்கள் தெருவிலேயே கேசுவலாகச் சேர்ந்து, பிறகு நிரந்தரமாகி, ஓய்வு பெற்றவர்கள் இருப்பார்கள். அவர்களிடம் ஒன்று சொல்லுங்கள். 2017-ல் ராகேஷ் குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம், டெம்பரரி ஸ்டேட்டஸ் காலத்தில் பாதியை மட்டுமல்ல, அதற்கு முந்தைய கேசுவல் காலத்திலும் பாதியைப் பென்ஷன் கணக்கில் சேர்க்க வேண்டும் என்று தீர்ப்பளித்தது. அந்தக் கணக்கு சேர்ந்திருக்கிறதா என்று பென்ஷன் ஆர்டரை எடுத்துப் பார்க்கட்டும்.

இனி உங்கள் விஷயம். அப்பாவுக்கு ரயில்வே நேரடியாகக் கூலி கொடுத்தது, உங்களுக்குக் காண்ட்ராக்டர் கொடுக்கிறார். பார்க்கச் சின்ன வித்தியாசம், சட்டத்தில் பெரிய பள்ளம். 240 நாள் முடித்தால் பர்மனென்ட் என்று பிளாட்பாரத்தில் சொல்வார்கள், நம்பாதீர்கள். அந்தக் கணக்கு, நோட்டீஸும் நஷ்டஈடும் இல்லாமல் ஆளை நிறுத்தக்கூடாது என்பதற்குத்தான். 2001-ல் அரசு எஃகு நிறுவனமான செயில் வழக்கில், காண்ட்ராக்ட் முறையை ஒழித்தாலும் தொழிலாளர்கள் தானாக நிறுவனத்தின் ஆட்களாகிவிட மாட்டார்கள் என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. ஆனால் காண்ட்ராக்ட் வெறும் போர்வைதான், வேலை வாங்குவதும் மேய்ப்பதும் உண்மையில் நிர்வாகம்தான் என்று நிரூபித்தால் நிலைமை வேறு. உங்களுக்கு இருக்கும் ஒரே வாசல் அதுதான்.

நிரூபிப்பது என்றால் என்ன? உங்களுக்குத் தினமும் எந்த பிளாட்பாரம், எந்த நேரம் என்று சொல்வது யார்? லீவு கேட்டால் தலையாட்டுவது யார்? வருகைப் பதிவு யாருடைய மேஜையில் இருக்கிறது? காண்ட்ராக்டர் மூன்று பேர் மாறியும் ஆட்கள் நீங்களேதானே? இதையெல்லாம் ஒரு நாற்பது பக்க நோட்டில் தேதி போட்டு எழுதத் தொடங்குங்கள், இன்றைக்கே. மூன்று காண்ட்ராக்டர்களின் பெயர், எந்த மாதத்திலிருந்து எந்த மாதம்வரை என்பதையும் எழுதுங்கள். அடையாள அட்டைகள், சம்பளம் ஏறிய பாங்க் பாஸ்புக், பி.எஃப். பாஸ்புக் எல்லாவற்றையும் ஒரே உறையில் சேருங்கள். பி.எஃப். பாஸ்புக்கை மாதாமாதம் பாருங்கள். பிடித்த பணம் கட்டப்படவில்லை என்றால் காண்ட்ராக்டரோடு போகாது, முதன்மை நிர்வாகமான ரயில்வேக்கும் பொறுப்பு உண்டு.

அடுத்து, பத்து ரூபாய் கட்டணத்தில் தகவல் உரிமை மனு ஒன்று, திருச்சி கோட்ட அலுவலகத்தின் பொதுத் தகவல் அலுவலருக்கு. உங்கள் ஜங்ஷனின் துப்புரவு ஒப்பந்தங்களின் நகல், எத்தனை ஆள் என்று ஒப்பந்தத்தில் இருக்கிறது, ஆளுக்கு என்ன கூலி. 30 நாளில் பதில் வர வேண்டும், வராவிட்டால் மேல்முறையீடு. அதே மனுவில் அப்பாவின் பெயர் பழைய கேசுவல் ரெஜிஸ்டரில் இருந்ததா என்றும் கேளுங்கள். வேலைக்காக அல்ல. நாற்பது வருடமாக அவர் மனதில் கிடக்கும் கேள்விக்கு ஒரு பதிலாவது வரட்டும்.

தனியாகக் கோர்ட்டுக்குப் போகாதீர்கள். கூட வேலை செய்கிறவர்களைச் சேர்த்துக்கொண்டு, ஒரு சங்கத்தின் வழியாக மத்திய தொழிலாளர் ஆணையர் அலுவலகத்தில் தாவா எழுப்புங்கள். அங்கே பேச்சு முறிந்தால் தொழில் தீர்ப்பாயம். சட்டத் தொகுப்புகள் மாறியிருப்பதால் எந்தப் பிரிவில் என்பதை வக்கீல் பார்த்துக்கொள்ளட்டும். 2024 டிசம்பரில் ஜக்கோ வழக்கில், மத்திய நீர் ஆணையத்தில் வருடக்கணக்கில் பெருக்கித் துடைத்த பெண்களைத் திரும்ப வேலையில் சேர்த்து நிரந்தரமாக்கச் சொன்னது உச்ச நீதிமன்றம். முறைப்படி தேர்வாகாத தற்காலிக ஆட்களை நிரந்தரமாக்குவதைக் கட்டுப்படுத்திய 2006-ன் உமாதேவி தீர்ப்பைக் காட்டி நீண்டகாலத் தொழிலாளர்களை விரட்டக்கூடாது என்றும் அதில் சொல்லியிருக்கிறது. அவர்கள் நேரடியாக எடுக்கப்பட்டவர்கள், நீங்கள் காண்ட்ராக்ட் என்பதால் அப்படியே பொருந்தாது. ஆனால் உங்கள் வக்கீல் அதைக் கட்டாயம் படித்திருக்க வேண்டும். படிக்காதவராக இருந்தால் வேறு வக்கீல் பாருங்கள்.

வீட்டில் ஐ.டி.ஐ. படித்த தம்பி, தங்கை யாராவது இருந்தால் பொன்மலை ஒர்க்‌ஷாப்பில் அப்ரண்டிஸ் அறிவிப்பு வரும்போது போடச் சொல்லுங்கள். முடித்தவர்களுக்கு ரயில்வேயின் கடைநிலையான லெவல்-1 வேலைகளில் 20 சதவீத இடம் ஒதுக்கீடு இருக்கிறது. தேர்வு எழுத வேண்டும்தான், ஆனால் இரண்டரை லட்சம் கேட்க மாட்டார்கள்.

அம்மாவிடம் நான் சொன்னதாகச் சொல்லுங்கள்: நெல் பணம் பாங்கிலேயே இருக்கட்டும். கார்டை இருபக்கமும் ஜெராக்ஸ் எடுத்து, போனிலும் படம் பிடித்து, ஒரிஜினலைப் பிளாஸ்டிக் உறையில் போட்டு பீரோவின் மேல்தட்டில் வையுங்கள். மழைக்காலத்துக்கு முன்பே செய்துவிடுங்கள். தகவல் உரிமை மனுவுக்குப் பதில் வந்ததும் அதன் நகலை எனக்கு அனுப்புங்கள், சேர்ந்து பார்ப்போம்.