நிலாவுக்கு மூன்று பேர் போட்ட ஆர்.ஆர்.

திருநெல்வேலி வாசகி: போன இதழில் நீங்கள் சொன்னதை நம்பி 'அப்போலோ' ஆல்பத்தைக் கேட்டேன். அட்டையில் பிரையன் ஈனோ, ரோஜர் ஈனோ, டேனியல் லானுவா என்று மூன்று பேர் பெயர். ஒரு படத்துக்கு மூன்று பேர் இசையமைத்தால் அது யாருடைய இசை? அப்புறம், அந்தப் பெயரில் படத்தையே காணோமே?

படத்திலிருந்து ஆரம்பிக்கிறேன், கதையே அங்கேதான் இருக்கிறது. அல் ரைனர்ட் என்ற அமெரிக்கப் பத்திரிகையாளர், நாசாவின் கிடங்கில் மூட்டை மூட்டையாகக் கிடந்த ஃபிலிமைப் புரட்டி நிலாப் பயணங்களைப் பற்றி ஒரு படம் பண்ணக் கிளம்பினார். விளக்கம் சொல்லும் குரல் கிடையாது, காட்சியும் இசையும் மட்டும். பெயர் 'அப்போலோ'. இசைக்கு இங்கிலாந்துக்காரர் பிரையன் ஈனோ. அவருக்கும் இதில் ஒரு பழைய மனக்குறை இருந்தது: 1969-ல் நிலாவில் இறங்கியதை டிவியில் பார்த்தபோது, மங்கலான படமும் ஓயாத பேச்சுமாகச் சேர்ந்து அந்தப் பிரமிப்பையே காலி பண்ணிவிட்டன என்று.

1983-ல் ஆல்பம் வந்துவிட்டது. படம்தான் வரவில்லை. போட்டுக் காட்டிய இடத்தில் ஜனங்களுக்குப் பேச்சில்லாத படம் பிடிபடவில்லை, அதனால் மறுபடி வெட்டி ஒட்டி, விண்வெளி வீரர்களின் குரல்களைப் பின்னால் ஓடவிட்டு, 'ஃபார் ஆல் மேன்கைண்ட்' என்று பெயரையும் மாற்றி 1989-ல்தான் வெளியிட்டார்கள். ஓடும் நேரம் 80 நிமிடம். சன்டான்ஸ் விழாவில் பரிசு, ஆஸ்கர் பரிந்துரை எல்லாம் கிடைத்தது. நம் ஊரில் எடிட்டிங் முடிந்து ரீல் கைக்கு வந்த பிறகு, தூக்கமில்லாமல் ஆர்.ஆர்., அதாவது பின்னணி இசை, போடுவார்கள். இங்கே இசை முடிந்து ஆறு வருடம் படத்துக்காகக் காத்துக்கிடந்தது! அதனால்தான் ஆல்பத்தில் இருப்பது எல்லாம் படத்தில் இல்லை, படத்தில் இருக்கும் சில துண்டுகள் ஆல்பத்தில் இல்லை.

சரி, யாருடைய இசை? ஈனோ தன்னை இசைக்கலைஞர் என்றே சொல்லிக்கொள்ளாத ஆள், ஸ்டுடியோதான் அவருக்கு வாத்தியம். தம்பி ரோஜர் 11 வயது இளையவர், முறையாக இசை படித்துவிட்டு வந்தவர், இதுதான் அவருக்கு முதல் ரெக்கார்டிங். மூன்றாமவர் டேனியல் லானுவா, கனடாவின் ஹாமில்டன் நகரில் அண்ணனோடு சேர்ந்து கிராண்ட் அவென்யூ என்ற ஸ்டுடியோவை நடத்தியவர். ரெக்கார்டிங் நடந்ததும் அங்கேதான். மொத்தம் 12 துண்டுகள். எல்லாவற்றிலும் மூவர் பெயரும் இல்லை. சிலது ஒருவர், சிலது இருவர், கொஞ்சம்தான் மூவர். உலகம் அதிகமாகக் கேட்ட 'அன் எண்டிங்' ஈனோ தனியாகப் போட்டது. ஆனால் கண்ணை மூடிக்கொண்டு ஆல்பத்தை முழுசாக ஓடவிட்டுப் பாருங்கள், எங்கே ஒருவர் கை ஓய்ந்து இன்னொருவர் கை தொடங்குகிறது என்று என்னால் இன்றுவரை சொல்ல முடியவில்லை. பங்கு பிரித்துக் கணக்குப் போடுவது ராயல்டி பார்ப்பவர்களின் வேலை. (அப்போலோ கலத்திலும் மூன்று பேர்தான் போனார்கள். இரண்டு பேர் நிலாவில் இறங்கி நடக்க, ஒருவர் மேலேயே சுற்றிக்கொண்டிருப்பார். இங்கே அந்த மேலே சுற்றும் ஆள் யார் என்று கேட்டு அடுத்த கடிதம் போடாதீர்கள்.)

கோவை வாசகர்: விண்வெளிப் படத்தில் கௌபாய் கிட்டார் எதற்கு? ஆல்பத்தில் 'டீப் ப்ளூ டே' துண்டைக் கேட்டால் குதிரைமேல் யாரோ வருகிற மாதிரி இருக்கிறது.

நல்ல காது உங்களுக்கு. வீரர்கள் கூடவே கொண்டுபோன கேசட்டுகளில் பெரும்பாலும் கன்ட்ரி என்கிற அமெரிக்க நாட்டுப்புறப் பாணிப் பாட்டுதான் என்று ஈனோ கேள்விப்பட்டிருந்தார். இங்கிலாந்தில் அவர் வளர்ந்த சஃபோக் பக்கம் அமெரிக்க விமானப்படைத் தளங்கள் இருந்ததால், சின்ன வயதிலேயே அமெரிக்கப் பாட்டு அவர் காதில் விழுந்துகொண்டே இருந்தது. ஆள் அரவமில்லாத நிலத்தைத் தேடி மேற்கே போனவர்களின் பாட்டை, அதைவிட ஆள் அரவமில்லாத இடத்துக்குப் போகிறவர்களுக்குப் போட்டார். லானுவாவுக்குப் பெடல் ஸ்டீல் கிட்டார் கைவந்த கலை. அந்த வாத்தியத்தில் ஒரு சங்கதி உண்டு. விரலால் தந்தியை அழுத்துவதற்குப் பதில் ஒரு இரும்புத் துண்டை அதன்மேல் வழுக்கவிடுவார்கள், ஒலியைக் கூட்டிக் குறைக்கக் காலடியில் ஒரு மிதி இருக்கும். தந்தியை மீட்டும் அந்த 'டங்' சத்தத்தை மிதியால் அமுக்கிவிட்டு மெல்லத் திறந்தால், ஸ்வரம் எங்கே பிறந்தது என்றே தெரியாமல் மிதந்து வரும். எடையில்லாத மனிதர்கள் மிதப்பதையும் டேப் ரெக்கார்டர் காற்றில் சுழல்வதையும் காட்டும் படத்துக்கு இதைவிடப் பொருத்தமாக நூறு வயலின் வைத்தாலும் வராது என்பது என் கட்சி.

இதே 'டீப் ப்ளூ டே'யை 1996-ல் இயக்குநர் டேனி பாயில் தன் 'ட்ரெயின்ஸ்பாட்டிங்' படத்தில் எங்கே வைத்தார் தெரியுமா? நாயகன் நாறிப்போன கக்கூஸுக்குள் முங்கி நீந்துகிற காட்சியில். பொருந்திப்போனதுதான் ஆச்சரியம்! அதே மனிதர் 2012 லண்டன் ஒலிம்பிக் தொடக்க விழாவில், இறந்துபோனவர்களின் படங்களைத் திரையில் காட்டும்போது 'அன் எண்டிங்'கை ஓடவிட்டார்.

சிவகாசி வாசகர்: பத்தாவது நிமிடம் தூங்கிவிட்டேன். இது இசையா, தாலாட்டா?

தூங்கியதற்கு யாரும் கோபிக்க மாட்டார்கள். 1975-ல் கார் மோதிப் படுக்கையில் கிடந்த ஈனோவுக்குத் தோழி ஒருவர் யாழ் இசைத்தட்டு ஒன்றைக் கொண்டுவந்து கொடுத்தார். சிரமப்பட்டு எழுந்து போட்டுவிட்டு வந்து படுத்த பிறகுதான் தெரிந்தது, சத்தம் ரொம்பக் குறைவு, ஒரு ஸ்பீக்கர் வேலையே செய்யவில்லை. எழுந்து கூட்டத் தெம்பில்லை. வெளியே மழை வேறு. மழையும் யாழும் ஒன்றாகக் கலந்து காதில் விழ, அறையின் வெளிச்சம் மாதிரி இசையும் சும்மா இருக்கலாமே என்று தோன்றிய இடம் அது. கவனித்தால் கேட்கும், கவனிக்காவிட்டால் வருத்தப்படாது.

தஞ்சை வாசகி: எங்கள் வீட்டுச் சுருதிப் பெட்டியைப் போட்டுவிட்டு உட்கார்ந்தாலே இந்தச் சுகம் கிடைக்கிறது. இதற்கு ஆல்பம் எதற்கு?

சுருதிப் பெட்டி யாராவது பாட வருவார்களா என்று காத்திருக்கும். இது யாருக்காகவும் காத்திருக்கவில்லை. சுகம் ஒன்றுதான், ஒத்துக்கொள்கிறேன்.

சேலம் வாசகர்: முதலில் படமா, ஆல்பமா?

ஆல்பம். அதுவும் 1983-ல் வந்த அளவோடு முதலில் கேளுங்கள். நிலவில் இறங்கி 50 ஆண்டு நிறைந்ததற்காக 2019-ல் அதே மூவரும் மறுபடி சேர்ந்து 11 புதுத் துண்டுகளோடு பெரிய பதிப்பாக விட்டார்கள். அது மோசமில்லை, ஆனால் அதில் மூவரும் ரொம்பப் பத்திரமாக வாசிக்கிறார்கள். படத்தை அப்புறம் பாருங்கள், ராத்திரியில், ஃபேனை நிறுத்திவிட்டு. போன மாதம் நான் ஃபேனோடு பார்த்தேன், பாதிப் படம்வரை அந்த 'ர்ர்ர்' சத்தத்தையும் லானுவாதான் வாசிக்கிறார் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.