காற்றைப் பார்த்துப் பாதையைத் தேர்ந்தெடுங்கள்

கும்பகோணத்திலிருந்து ஒரு வாசகர் ஆனி மாதத் தொடக்கத்தில் இப்படிக் கேட்டிருக்கிறார்: "வயது 42. ஆறு மாதமாக ரோடு பைக் எனப்படும் மெல்லிய டயர் சைக்கிள் ஓட்டுகிறேன். ஞாயிறுதோறும் 40 கி.மீ. போகிறேன். நான்குவழிச் சாலையிலேயே போய்த் திரும்புவது அலுத்துவிட்டது. ஏரி, மலை என்று கிராமப்புறமாகப் போக ஆசை. தை மாதம் நண்பர்கள் கொல்லிமலைக்குக் கூப்பிடுகிறார்கள். மலையே இல்லாத ஊரில் இருந்துகொண்டு அதற்கு எப்படித் தயாராவது? எந்த மாதத்தில் எந்தப் பாதை நல்லது?"

நல்ல நேரத்தில் கேட்டிருக்கிறீர்கள். தைக்கு இன்னும் ஏழு மாதம் இருக்கிறது.

முதலில் மலையைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். உங்கள் ஊருக்குப் பக்கத்தில் பெயரிலேயே மலையை வைத்திருப்பது சுவாமிமலை. அதுவும் கட்டுமலை, தமிழ் வருடங்களின் கணக்கில் அறுபது படி. தஞ்சாவூர் கடல் மட்டத்திலிருந்து சுமார் 60 மீட்டர் உயரம், கும்பகோணம் சுமார் 25 மீட்டர். நடுவில் 40 கி.மீ. தூரம் இருக்கிறது. இந்தச் சரிவு தண்ணீருக்குத் தெரியும், உங்கள் காலுக்குத் தெரியாது. ஆனால் டெல்டாவில் சைக்கிள் ஓட்டுகிறவனுக்கு ஏற்றமே கிடையாது என்று நினைத்துவிடாதீர்கள். இங்கே ஏற்றம் என்பது காற்று.

கணக்குப் போட்டுப் பாருங்கள். மணிக்கு 20 கி.மீ. வேகத்தில் போகிறீர்கள், எதிரே 15 கி.மீ. வேகத்தில் காற்று அடிக்கிறது. உங்கள் நெஞ்சில் மோதுவது 35 கி.மீ. காற்று. தடை வேகத்தின் வர்க்கத்தில் கூடும், அதனால் காற்றே இல்லாத நாளில் இருக்கும் தடையைப் போல மூன்று மடங்கு ஆகிவிடும். ஆளும் வண்டியும் சேர்ந்து 80 கிலோ என்றால், இது கிட்டத்தட்ட 2 சதவீத ஏற்றத்தில் ஏறுவதற்குச் சமம். 2 சதவீதம் சின்ன எண்தான். ஆனால் மலைப்பாதையில் ஒரு வளைவு முடிந்ததும் கொஞ்சம் சமதளம் வரும், எதிர்காற்றில் அப்படி எதுவும் வராது. பெடலை விட்டால் வண்டி நின்றுவிடும். ஒரு மணி நேரம் விடாமல் மிதிக்க வைக்கும் இதைவிட நல்ல பயிற்சியை உங்களுக்கு நான் சொல்ல முடியாது.

அதனால் பாதையைக் காற்றைப் பார்த்துத் தேர்ந்தெடுங்கள். போகும்போது எதிர்காற்று, திரும்பும்போது பின்காற்று. இதை மாற்றிச் செய்தால் முதல் 30 கி.மீ. பறப்பதுபோல இருக்கும், திரும்பும்போது அழுகை வரும். நான் இரண்டையும் பார்த்தவன்.

இப்போது ஆனி, ஆடி. பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் மேல்காற்று மேற்கிலிருந்து அடிக்கிற காலம். ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்பார்கள், சைக்கிளைக் கேட்கவே வேண்டாம். ஆகவே மேற்கே போங்கள். கும்பகோணத்திலிருந்து சுவாமிமலை, கபிஸ்தலம், கணபதி அக்ரகாரம் வழியாகத் திருவையாறு, போக மட்டும் ஏறத்தாழ 35 கி.மீ. டெல்டாவில் எனக்கு மிகவும் பிடித்த சாலை இதுதான். காவிரி ஒட்டியும் விலகியும் கூடவே வரும். மேட்டூர் வழக்கம்போல் ஜூன் 12-இல் திறந்திருந்தால், அந்த மாதக் கடைசியில் வாய்க்கால்களில் புதுத்தண்ணீர் ஓடும். மதகில் உட்கார்ந்து இளைப்பாறலாம்.

இந்தச் சாலையில் காற்றைப் படிக்கக் கற்றுக்கொள்ளுங்கள். வாழைத் தோட்டமும் வெற்றிலைக் கொடிக்காலும் இருக்கிற இடத்தில் காற்று அடங்கியிருக்கும். தோட்டம் முடிந்து வயல்வெளி தொடங்கும் இடத்தில் ஒரு கை வந்து பிடித்துத் தள்ளுவதுபோல் இருக்கும். அந்த இடம் வருவதற்கு முன்பே தெரிந்துகொள்ள ஒரு வழி உண்டு: ஓரத்து வாழையின் இலையைப் பாருங்கள். உள்ளே இருக்கும் மரத்தில் இலை முழுசாக இருக்கும். காற்று வாங்கும் ஓரத்தில் அது சீப்புப் பல்லாகக் கிழிந்து தொங்கும். அப்படி ஓர் ஓரம் கண்ணில் பட்டதும் ஒரு கியர் இறக்கி, முழங்கையை மடக்கிக் குனிந்துகொள்ளுங்கள். காற்று வந்து அடித்த பிறகு கியரை இறக்கினால் அதற்குள் மூச்சு வாங்கத் தொடங்கிவிடும்.

வேகத்தைப் பார்க்காதீர்கள். மீட்டர் 17, 18 காட்டினாலும் அது தோல்வி இல்லை. இரண்டு வார்த்தை பேச முடிகிற அளவு மூச்சை வைத்துக்கொண்டு மிதியுங்கள். திருவையாற்றில் அசோகா அல்வா சாப்பிடுங்கள், அளவாக. திரும்பும்போது அதே காற்று உங்களைக் கும்பகோணத்தில் கொண்டுவந்து விட்டுவிடும். ஆடி அமாவாசை, ஆடிப்பெருக்கு ஆகிய இரண்டு நாளிலும் மட்டும் அந்தப் பக்கம் வேண்டாம். படித்துறைக்குப் போகிற கூட்டம் சாலையிலேயே நிற்கும்.

முற்பகலுக்குப் பிறகு கடல்காற்று கிழக்கிலிருந்து எழும் நாள்களும் உண்டு. அன்றைக்குத் திரும்பும்போதும் எதிர்காற்றுதான். காலை ஐந்தரைக்குக் கிளம்பினால் இந்தத் தொல்லை இல்லை.

அப்புறம் நெல். டெல்டாவுக்கு வெளியே சைக்கிள் ஓட்டுகிறவர்களுக்கு இது தெரியாது, நமக்குத் தெரிந்தே ஆகவேண்டும். புரட்டாசியில் குறுவை அறுவடை, தை மாசியில் சம்பா. தார்ச்சாலையில் பாதியை அடைத்து நெல்லைப் பரப்பி, வண்டி ஏறாமலிருக்க ஓரத்தில் வரிசையாகக் கல் வைத்திருப்பார்கள். அது அவர்களுடைய ஒரு வருட உழைப்பு. நெல்லின்மேல் ஏறாதீர்கள். மெல்லிய டயருக்கு நெல் மணலைவிட மோசம், வளைவில் சட்டென்று வழுக்கும். அதைவிட ஆபத்து, நெல்லை அள்ளிக்கொண்டு போன பிறகு அங்கேயே கிடக்கும் கற்கள். உமையாள்புரம் பக்கம் விடியற்காலை இருட்டில் அப்படி ஒரு கல்லில் ஏறி விழுந்தேன். மணிக்கட்டு கூடி வர ஆறு வாரம் ஆயிற்று. அன்றிலிருந்து முன்விளக்கைச் சாலையின் இடது ஓரம் தெரியும்படி சாய்த்து வைக்கிறேன். பனி உலர்ந்த பிறகுதான் நெல்லைப் பரப்புவார்கள். ஆகவே அறுவடைக் காலத்தில் எட்டரை மணிக்குள் வீடு திரும்பும்படி திட்டமிடுங்கள்.

சாலையில் வைக்கோல் கிடந்தால் இறங்கித் தள்ளிக்கொண்டு போங்கள். பின்கியரில் சுற்றிக்கொண்டால் கியரைத் தாங்கும் கொக்கியே வளைந்துவிடும். கேஜ் வீல் என்கிற சேற்று உழவு இரும்புச் சக்கரம் போட்ட டிராக்டர் ஓடிய சாலையில் குறுக்குக் குறுக்காக வெட்டு விழுந்திருக்கும். இதற்கெல்லாம் சேர்த்து ஒரே மருந்து: 25 மி.மீ. டயரை மாற்றி 28 போடுங்கள், வண்டியில் இடம் இருந்தால் 32. காற்றைக் கல்லாக அடிக்காதீர்கள். 28-க்கு உங்கள் எடையைப் பொறுத்து 70, 80 பிஎஸ்ஐ போதும். கருவேல முள் எப்படியும் ஏறும், இரண்டு டியூப் கையோடு இருக்கட்டும்.

ஐப்பசி, கார்த்திகை மழைக்காலம். தூரத்தைக் குறைத்துக்கொள்ளுங்கள், ஆற்றங்கரை மண்பாதைப் பக்கம் போகவேண்டாம். மழை விட்டு வாடை வீசத் தொடங்கியதும் திசை மாறிவிடுகிறது. அப்போது எதிர்காற்று வடகிழக்கிலிருந்து வரும். வடகிழக்கில் என்ன இருக்கிறது? வீராணம் ஏரி.

அணைக்கரையில் கொள்ளிடத்தைத் தாண்டி, மீன்சுருட்டி, காட்டுமன்னார்கோயில், லால்பேட்டை வழியாக ஏரிக்கரை. அணைக்கரையில் 1836-இல் ஆர்தர் காட்டன் கட்டிய கீழணை இருக்கிறது. அங்கிருந்து வடவாற்றில் போகும் தண்ணீர்தான் ஏரியை நிரப்புகிறது, அதாவது தண்ணீர் போகிற ஊருக்குத்தான் நீங்களும் போகிறீர்கள். முதலாம் பராந்தகன் காலத்து ஏரி இது. வீரநாராயணன் என்ற அவன் பெயர்தான் வீராணம் ஆயிற்று. கரை ஏறத்தாழ 16 கி.மீ. நீளம். சாலை கிழக்குக் கரையில் ஓடுகிறது, காலையில் வெயில் உங்களுக்குப் பின்னாலிருந்து தண்ணீர்மேல் விழும். ஏரி நிறைந்திருக்கும்போது எதிர்க்கரை சரியாகத் தெரியாது, கடலோரம் ஓட்டுவதுபோல இருக்கும். பேருந்து போகிற குறுகலான சாலை அது, ஒருவர் பின் ஒருவராகத்தான் போகவேண்டும். போட்டோ எடுக்க வேண்டுமென்றால் வண்டியைச் சாலையைவிட்டு முழுசாக இறக்கிவிட்டு எடுங்கள். கரையையும் சேர்த்தால் போய்த் திரும்ப 100 கி.மீ.யைத் தாண்டிவிடும். மார்கழிக்குள் 70 கி.மீ. பழகியிருந்தால் மட்டும் போங்கள். அன்றைக்குக் கால் கனமாக இருந்தால் கங்கைகொண்டசோழபுரத்தோடு திரும்பிவிடலாம், அதுவே போக 35 கி.மீ. கொள்ளிடம் தாண்டியதும் நிலம் மெல்ல மேடேறுவது அந்தப் பக்கத்தில் காலுக்குத் தெரியும்.

வடுவூர் ஏரியையும் சொல்லவேண்டும். நீடாமங்கலம், மன்னார்குடி வழியாகப் போகலாம். 1999-இலிருந்து பறவைகள் சரணாலயம், 2022-இல் ராம்சார் பட்டியலில் சேர்ந்தது. கார்த்திகையிலிருந்து மாசி வரை பறவைகள் இருக்கும். ஆனால் ஏரி தெற்கில் இருப்பதால் வாடைக் காலத்தில் திரும்பி வரும்போதுதான் எதிர்காற்று. முதல் முறை போகும்போது தஞ்சாவூரிலிருந்து தொடங்குங்கள், அங்கிருந்து 25 கி.மீ.தான்.

சரி, கொல்லிமலை. நேராக அங்கே போகாதீர்கள். தை முதல் வாரம் வண்டியைக் காரில் ஏற்றிப் புதுக்கோட்டைப் பக்கத்து நார்த்தாமலைக்குப் போய், அன்னவாசல், சித்தன்னவாசல், குடுமியான்மலை என்று ஒரு சுற்று சுற்றிவிட்டு வாருங்கள். நீங்கள் கேட்ட ஏரியும் மலையும் சேர்ந்து கிடைப்பது அங்கேதான். பாறைக்குன்றுகளும், குன்றடியில் கண்மாய்களும், ஏறி இறங்கும் சாலையும் இருக்கும். ஏற்றத்தில் கியர் மாற்றும் பழக்கமும் இறக்கத்தில் பிரேக் பிடிக்கும் பழக்கமும் அங்கே வந்துவிடும். காற்று இந்த இரண்டையும் சொல்லித்தராது.

கொல்லிமலையில் 70 கொண்டை ஊசி வளைவு. உங்கள் வண்டியின் பின்பக்கப் பெரிய பல்சக்கரத்தில் எத்தனை பல் என்று எண்ணிப் பாருங்கள். 28 என்றால், ஏற்றத்தில் மிதிப்பது லேசாக 32 அல்லது 34 போட முடியுமா என்று கடையில் கேளுங்கள், அதற்குப் பின்கியரும் ஒத்துவரவேண்டும். ஏறும்போது நண்பர்கள் முன்னால் போகட்டும், நீங்கள் ஆடிக்காற்றில் பழகிய அதே மூச்சில் ஏறுங்கள். இறங்கும்போது பிரேக்கைப் பிடித்தபடியே வராதீர்கள், ரிம் கொதித்துவிடும். வளைவுக்கு முன்னால் நேர்ச்சாலையில் இரண்டு பிரேக்கையும் அழுத்தி வேகத்தைக் குறைத்து, விட்டுவிட்டு, வளைந்து வாருங்கள். பத்துப் பதினைந்து வளைவுக்கு ஒருமுறை நின்று கையை உதறிவிட்டுக் கிளம்புங்கள். கீழே வந்து சேரும்போது முதலில் வலி எடுப்பது காலில் இல்லை, விரல்களில்.