கையடக்க எல்சிடி டிவியைப் பிரிக்கும்போது கவனிக்க வேண்டியவை

கேள்வி: 1980-களின் கடைசியில் வந்த வண்ண எல்சிடி கையடக்கத் தொலைக்காட்சி ஒன்று என்னிடம் உள்ளது. ஏவி துளையில் (வெளியிலிருந்து படமும் ஒலியும் கொடுக்கும் இணைப்பு) டிவிடி பிளேயரை இணைத்தால் திரையின் பின்விளக்கு எரிகிறது. ஆனால் படம் இல்லை, ஒலியும் மிக மெலிதாகவே கேட்கிறது. உடையாமல் பிரிப்பது எப்படி?

பதில்: ஏவி துளை வழியாகச் சோதித்தது நல்லது. ஏரியலை மட்டும் நம்பியிருந்தால், அனலாக் ஒளிபரப்பு அமெரிக்காவின் முழுத்திறன் நிலையங்களில் 2009-லும் பிரிட்டனில் 2012-லும் நின்றுபோன நிலையில், பழுதே இல்லாத கருவியைக்கூடக் கெட்டுப்போனதாக எண்ணியிருக்கக்கூடும். விளக்கு எரிந்து, படமும் ஒலியும் சேர்ந்தே மங்கினால், சந்தேகப்பட வேண்டியவை முதலில் எலக்ட்ரோலைட்டிக் கெப்பாசிட்டர்கள்தான் (உள்ளே திரவம் கொண்ட, மின்னூட்டத்தைத் தேக்கும் சிறு உருளைகள்). அவற்றை மாற்றிவிட முடியும். திரையோடு ஒட்டிய ரிப்பனை (தட்டையான மெல்லிய இணைப்புப் பட்டை) மாற்ற முடியாது. கருவியைப் பிரிக்கும்போது இந்த வேறுபாட்டை மறக்கக் கூடாது.

பேட்டரிகளை எடுத்துவிட்டு, ஸ்க்ரூக்களைத் தேடுங்கள். கண்ணுக்குத் தெரிபவை தவிர, பேட்டரி அறைக்குள்ளும் ஸ்டிக்கருக்கு அடியிலும் ஓரிரண்டு ஒளிந்திருக்கும். ஜப்பானில் தயாரானவை என்றால் ஜேஐஎஸ் (ஜப்பானியத் தொழில் தரம்) முனையுள்ள ஸ்க்ரூடிரைவரே சரியாகப் பொருந்தும். மற்றவை தலையைத் தேய்த்துவிடும். எந்த ஸ்க்ரூ எந்தத் துளையிலிருந்து வந்தது என்று ஒரு தாளில் படம் வரைந்து, அதன் மேலேயே ஒட்டிவையுங்கள்; நீளமானதைக் குட்டைத் துளையில் முடுக்கினால் முன்பக்க பிளாஸ்டிக் பிளந்துவிடும். பேட்டரி அறையில் வெள்ளைப் பொடி படிந்திருந்தால், அது அல்கலைன் பேட்டரியின் காரக் கசிவு. வினிகர் தொட்ட பஞ்சால் துடைத்து, பிறகு ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலால் சுத்தம் செய்யுங்கள்.

கருவியின் வெளி ஓட்டின் விளிம்பில் இரும்பு முனையை நுழைக்காதீர்கள். பழைய பிளாஸ்டிக் அட்டையே போதும். கொண்டிகள் விடுபட்டதும் ஓட்டை ஒரேயடியாகத் திறக்காமல் ஒரு விரல் அகலம் மட்டும் தூக்கி, டார்ச் வெளிச்சத்தில் உள்ளே பாருங்கள். ஏரியல் வயர், ஸ்பீக்கர் வயர், பலகைகளை இணைக்கும் ரிப்பன் ஆகியவை இரு பாதிகளுக்கும் இடையே குறுக்காக ஓடலாம். ரிப்பன் ஒரு சாக்கெட்டில் செருகியிருந்தால், அதன் பூட்டை நகத்தால் விடுவித்த பிறகே உருவ வேண்டும். திரைக் கண்ணாடியோடு வெப்பத்தால் ஒட்டப்பட்ட ரிப்பனை இழுக்கவோ மடக்கவோ வேண்டாம். சால்டரிங் அயர்ன் பட்டால் உருகும், மறுபடி பற்றவைக்கவும் இயலாது. திரையையும் அதன் பலகையையும் ஒன்றாகவே நகர்த்துவது என் வழக்கம்.

பின்விளக்குக் குழாயை இயக்கும் சிறு இன்வெர்ட்டர் (பேட்டரியின் குறைந்த வோல்ட்டை உயர்த்தும் சுற்று) சில நூறு வோல்ட் வரை உண்டாக்கும். திறந்த நிலையில் மின்சாரம் கொடுத்துச் சோதிக்கும்போது அந்தப் பகுதியில் கைவைக்காதீர்கள். குழாயில் சிறிதளவு பாதரசமும் உண்டு. அதைக் கழற்றும் தேவை உங்களுக்கு இல்லை.

இப்போது பலகையைப் பாருங்கள். 4 முதல் 6 மி.மீ. விட்டமுள்ள அலுமினிய உருளைகள்தான் அந்தக் கெப்பாசிட்டர்கள். அவற்றின் காலடியில் ஈயப்பற்று பளபளப்பிழந்து சாம்பல் நிறமாகியிருந்தால் திரவம் கசிந்திருக்கிறது. சூடேற்றும்போது மீன் வாடை வந்தால் சந்தேகமே வேண்டாம். முறுக்கிப் பிடுங்கினால் அரிக்கப்பட்ட செப்புத் தடமும் கூடவே உரிந்துவரும் என்பதால், இரண்டு சால்டரிங் அயர்ன்களால் இரு கால்களையும் ஒருசேரச் சூடாக்கி எடுப்பதே எனக்குப் பாதுகாப்பாகப் படுகிறது. புதிய கெப்பாசிட்டர் அதே மைக்ரோஃபாரட் அளவிலும், அதே அல்லது கூடுதல் வோல்ட் அளவிலும், ஓட்டுக்குள் அடங்கும் உயரத்திலும் இருக்க வேண்டும். அதற்குப் பதில் டான்டலம் என்ற வேறு வகைக் கெப்பாசிட்டரைப் போடுவதானால், அலுமினிய உருளையின் கறுப்புப் பட்டை எதிர்முனையையும், டான்டலத்தின் பட்டை நேர்முனையையும் குறிக்கும். அனுபவமுள்ளவர்களும் தடுமாறும் இடம் இது.

பலகையிலுள்ள ட்ரிம்மர்களையும் (அளவைச் சரிசெய்யும் சிறு திருகுகள்) சுருள்களின் நடுத்தண்டுகளையும் திருக வேண்டாம். வெளி ஓட்டை மூடும் முன் படத்தையும் ஒலியையும் ஒருமுறை சோதித்து, ஸ்பீக்கர் வயர் ஸ்க்ரூத் தூணின் மேல் கிடக்கவில்லை என்று பார்த்துக்கொள்ளுங்கள்.