ஏழு மாதக் குழந்தையைக் கேரியரில் மார்பிலிருந்து முதுகுக்கு மாற்றுவது எப்படி?

மகனுக்கு ஏழு மாதம் முடிந்துவிட்டது என்றும், இதுவரை பேபி கேரியரில் (இடுப்பு பெல்ட்டும் தோள் வார்களும் வைத்த துணிச் சுமப்பான்) மார்புப் பக்கமாகவே சுமந்து வருவதால் இடுப்பும் தோளும் வலிக்கின்றன என்றும், முதுகுப் பக்கம் மாற்றலாமா, வீட்டில் தனியாக இருக்கும்போது குழந்தையைக் கீழே இறக்காமலே மாற்ற முடியுமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். இரண்டுமே முடியும். மும்பை செம்பூரில் என் மகளை ஏறத்தாழ ஓராண்டாக இரு பக்கமும் மாற்றி மாற்றிச் சுமந்து வருகிறேன். முதுகுக்கு மாறிவிட்டால் மார்பை மறந்துவிடலாம் என்று முதலில் நானும் நினைத்திருந்தேன். உண்மையில் நாம் எங்கே நிற்கிறோம், நம்மைச் சுற்றி யார் நிற்கிறார்கள் என்பதைப் பொறுத்துத்தான் முன்னா பின்னா என்று முடிவு செய்ய வேண்டியிருக்கிறது. அதனால்தான் மாற்றும் முறையை நன்றாகப் பழகிக்கொள்வது அவசியமாகிறது.

முதலில் மகன் தயாரா என்று பாருங்கள். பிடிமானம் இல்லாமல் தானாக உட்கார்கிறானா, தலை ஆடாமல் நிற்கிறதா என்பவையே இதற்கு அளவுகோல். பக்கிள் வைத்த கேரியர்களின் கையேடுகள் பொதுவாக ஆறு மாதம் என்று குறிப்பிடுவதும் இதனால்தான். குறைமாதத்தில் பிறந்த குழந்தையாக இருந்தால் மருத்துவரைக் கேட்காமல் தொடங்க வேண்டாம். மிகச் சிறிய குழந்தையின் கழுத்து மடங்கித் தாடை நெஞ்சில் படிந்தால் மூச்சுப் பாதை அடைபடக்கூடும். அமெரிக்காவின் நுகர்வோர் பொருள் பாதுகாப்பு ஆணையம் 2010 மார்ச்சில் துணித் தொட்டில் வகைச் சுமப்பான்களைப் பற்றி எச்சரித்தபோது, நான்கு மாதத்துக்குட்பட்ட குழந்தைகளைத்தான் குறிப்பாகச் சுட்டிக்காட்டியது. ஏழு மாதக் குழந்தைக்கு அந்த ஆபத்து குறைவு என்றாலும், முதுகில் இருக்கும் குழந்தையின் தாடை நம் கண்ணில் படாது என்பதால், தாடைக்கும் நெஞ்சுக்கும் இடையே இரண்டு விரல் நுழைய வேண்டும் என்ற விதியை நான் இன்றும் கைவிடவில்லை.

உங்கள் வலிக்குக் காரணம் எளிமையானது. ஏழெட்டுக் கிலோ எடை முன்னால் தொங்கும்போது, விழாமல் நிற்பதற்காக நாம் நம்மை அறியாமலே பின்னால் சாய்கிறோம். கீழ் முதுகின் வளைவு கூடி, அங்கிருக்கும் தசைகள் நாள் முழுவதும் இழுபட்டபடியே இருக்கின்றன. அதே எடை முதுகோடு ஒட்டி உயரமாக இருந்தால் சற்றே முன்னால் சாய்ந்து இயல்பாக நடக்க முடிகிறது. சிறுவயதில் தம்பி தங்கைகளை உப்பு மூட்டை சுமந்தவர்களுக்கு இதை விளக்கவே தேவையில்லை. அவர்கள் கழுத்தைக் கட்டிக்கொண்டு மேலே ஏறியிருந்தால் பாரம் தெரியாது, இடுப்புக்குக் கீழே சரிந்தால் இரண்டு அடிகூட நடக்க முடியாது. கேரியரிலும் இதே கணக்குதான்: முதுகில் குழந்தை எவ்வளவு உயரத்தில் இருக்கிறதோ அவ்வளவு நல்லது. உங்கள் தோளுக்கு மேலாக அவன் எட்டிப் பார்க்க முடிய வேண்டும்.

இதை எனக்குக் கற்றுக்கொடுத்தவர் எங்கள் கட்டடத்தில் மூன்றாம் மாடியில் வசிக்கும் மிசோ பெண்மணி. அவரை அக்கா என்றே அழைப்பேன். மிசோரத்தில் பெண்கள் குழந்தையை முதுகில் துணியால் கட்டிச் சுமப்பது வழக்கம். கேரியர் எதுவும் இல்லாமல் ஒற்றைத் துணியில் அவர் தன் பேரனை ஏற்றிக் கட்டுவதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். அவர் இடுப்பிலிருந்து முன்னால் குனிந்து, குழந்தை தன் முதுகின் மேல் படுத்திருக்கும் நிலை வந்த பிறகுதான் துணியைத் தொடுவார். கட்டி முடிக்கும்வரை நிமிரவே மாட்டார். முதுகு மேசைபோல் இருக்கும்வரை குழந்தை சரியாது, நாம் நிமிரும் கணத்தில்தான் சரியும் என்று அவர் சொன்னது, நான் பார்த்த காணொளிகள் எதிலும் அவ்வளவு தெளிவாக இல்லை.

இனி மாற்றும் முறை. முதல் சில நாட்கள் குழந்தைக்குப் பதிலாக ஐந்து கிலோ அரிசிப் பையை வைத்துப் பழகுங்கள். பொம்மையில் எடை இல்லை என்பதால் நம் கை எங்கே தளர்கிறது என்பது தெரியாது, அரிசிப் பை அதைக் காட்டிக்கொடுத்துவிடும். பிறகு குழந்தையோடு செய்யும்போது கட்டிலுக்கு முதுகைக் காட்டி, முழங்காலின் பின்பக்கம் மெத்தையில் உரசும்படி நின்றுகொள்ளுங்கள். எதிரே பீரோக் கண்ணாடி இருந்தால் இன்னும் நல்லது. முதல் பத்து முறையாவது வீட்டில் இன்னொருவர் பின்னால் நிற்கட்டும்; எனக்கு என் மாமியார் நின்றார்கள்.

இடுப்பு பெல்ட்டின் பக்கிளைக் கடைசிவரை கழற்றக் கூடாது. அது உங்களைச் சுற்றிக் குழந்தையோடு சேர்ந்து திரும்ப வேண்டும் என்பதால், ஒரு விரல் தாராளமாக நுழையும் அளவுக்கு மட்டும் நெகிழ்த்துங்கள். பிடரிக்குக் கீழே இருக்கும் குறுக்குக் கிளிப்பைக் கழற்றித் தோள் வார்களையும் கொஞ்சம் தளர்த்திய பின், ஒரு கையால் குழந்தையை அணைத்துக்கொண்டு மற்றக் கையை அதன் வாரிலிருந்து உருவி, பிறகு கையை மாற்றி அணைத்து அடுத்ததையும் உருவுங்கள். இப்போது குழந்தையைத் தாங்குவது உங்கள் கையும் இடுப்பு பெல்ட்டும் மட்டுமே. மொத்தச் செயலிலும் ஆபத்தான நேரம் இந்தச் சில நொடிகள்தான் என்பதால்தான் கட்டிலை விட்டு நகர வேண்டாம் என்கிறேன்.

அடுத்து, கேரியரோடு சேர்த்துக் குழந்தையை இடப்பக்கம் நகர்த்தி, நாம் வழக்கமாகத் தூக்குவதுபோல் இடது இடுப்பில் உட்கார வையுங்கள். இந்த இடத்தில் நான் முதல் வாரம் முழுவதும் குழம்பினேன். மார்பில் இருந்தபோது இடது தோளில் கிடந்த வார், முதுகுக்குப் போனதும் வலது தோளுக்கு வந்துவிடும். வலது தோளில் கிடந்தது இடது தோளுக்குப் போகும். குழந்தை முகம் பார்க்கும் திசை நம்மைப் பொறுத்து மாறுவதால் இப்படி ஆகிறது. ஆகவே முன்பு இடது தோளில் இருந்த வாரை முதுகின் பின்னால் கொண்டுவந்து வலது தோளுக்கு மேலாக முன்னே இழுங்கள். மற்றொரு வாரை மார்பின் குறுக்கே கொண்டுவந்து, இரண்டையும் வலது கையில் ஒன்றாகப் பிடித்து இறுக்குங்கள். இப்படிப் பிடித்த பிறகு கேரியரின் துணி குழந்தையின் முதுகோடு அழுந்தி நிற்கும். வலது கையின் பிடி தளராதவரை அவனால் பின்னால் சாய முடியாது.

இப்போது அக்கா சொன்னதுபோல் இடுப்பிலிருந்து முன்னால் குனியுங்கள். இடது கையைக் குழந்தையின் தலைக்கு மேலாகத் தூக்கி எடுத்து, உடனே பின்னால் கொண்டுபோய் அவன் பின்புறத்தைத் தாங்கியபடி முதுகின் நடுவுக்குத் தள்ளுங்கள். அவன் நடுவில் வந்துவிட்டான் என்று கண்ணாடியில் பார்த்த பிறகு, குனிந்தபடியே, வலது கையில் இருக்கும் இரண்டு வார்களில் மார்பின் குறுக்கே கிடப்பதை இடது தோளில் ஏற்றிக் கையை நுழையுங்கள். அதன் பிறகே வலது கையை அதற்குரிய வாருக்குள் விட வேண்டும். இரண்டு தோளிலும் வார் ஏறியதும் நெஞ்சுக்கு மேலே கிளிப்பைப் போட்டு, வார்களை இறுக்கி, பாதி நிமிர்ந்து, இரு கைகளையும் பின்னால் விட்டு அவன் முழங்கால்களை மேலே தூக்கிவிடுங்கள். பின்புறம் துணியின் ஆழத்தில் இறங்கி, முழங்கால்கள் அதைவிட உயரமாக, தொடைகள் ஒரு முழங்காலிலிருந்து மறு முழங்கால்வரை துணியால் தாங்கப்பட்டிருக்க வேண்டும். இடுப்பு மூட்டு ஒழுங்காக வளர்வதற்கு ஏற்ற அமர்வு இதுவே. கடைசியாக இடுப்பு பெல்ட்டை மறுபடி இறுக்குங்கள். இதை மறந்துவிட்டு நடந்தால் கால் மணி நேரத்தில் எடை முழுவதும் தோளுக்கு ஏறிவிடும்.

பெல்ட்டின் உயரத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். முதுகில் சுமக்கும்போது அது மார்புக்குச் சற்றுக் கீழே இருப்பது வசதி, ஆனால் குழந்தையை ஏற்றிய பிறகு அதை மேலே நகர்த்த முடியாது. அதனால் மாற்றப் போகிறேன் என்று தெரிந்தால் முதலிலேயே வழக்கத்தைவிட நான்கு விரல் மேலே கட்டிக்கொள்வேன். என் கணவரும் அதே கேரியரைப் பயன்படுத்துவதால், யாருக்கு எந்த நிலையில் வார் எவ்வளவு நீளம் என்று துணியில் எழுதும் பேனாவால் வாரிலேயே கோடு போட்டு வைத்திருக்கிறோம். சிசேரியன் ஆனவர்களுக்கு இந்த உயரமான கட்டு தழும்பின் மேல் அழுத்தாது என்பது கூடுதல் நன்மை.

இனி இடத்தைப் பற்றி. மகளுக்கு ஒன்பது மாதம் இருக்கும்போது, மாட்டுங்காவில் சித்தி வீட்டுக்குப் போய்விட்டுத் திரும்புகையில், குர்லா நிலையத்தில் செம்பூர் போகும் ஹார்பர் லைன் லோக்கல் ரயிலுக்கு மாறினேன். முதுகில் சுமக்கும் பழக்கம் நன்றாக வந்துவிட்ட தெம்பில் அவளைப் பின்னால் வைத்தபடியே மகளிர் பெட்டியில் ஏறிவிட்டேன். கூட்டம் நெருக்கியபோது யாரோ ஒருவருடைய பையின் வார் அவள் காலில் சுற்றிக்கொண்டது. அவள் அழுதாள், எனக்கோ எதற்காக அழுகிறாள் என்று திரும்பிப் பார்க்கக்கூட இடமில்லை. அருகில் நின்ற மீன்காரப் பெண்மணிதான் அந்த வாரை விடுவித்துவிட்டு, “பையையே எல்லாரும் முன்னால் மாட்டிக்கொள்ளும் வண்டியில் பிள்ளையைப் பின்னால் வைக்கலாமா?” என்று மராத்தியில் கேட்டார். லோக்கல் வண்டியில் ஏறும்போது முதுகுப் பையை மார்புக்கு மாற்றிக்கொள்வது இந்த ஊரில் எல்லாருக்கும் தெரிந்த வழக்கம். மடிக்கணினிக்குத் தெரிந்த நியாயம் குழந்தைக்குத் தோன்றாமல் போயிற்றே என்று அன்றிரவு வெகுநேரம் வருந்தினேன். அதற்குப் பிறகு ரயில், நடைமேம்பாலம், சந்தை, கோவில் கூட்டம் எதுவானாலும் மார்புப் பக்கம்தான். புறப்படும்போது வீட்டிலேயே அப்படி மாட்டிக்கொள்வேன். பிளாட்பாரத்தில் நின்று மாற்றுவதில்லை.

முதுகுப் பக்கம் எனக்குப் பயன்படுவது வீட்டிலும், காலையில் குடியிருப்பு வளாகத்தில் நடக்கும்போதும். துணி மடிப்பது, பெருக்குவது, செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றுவது எல்லாம் எளிதாகிவிடுகின்றன. ஆனால் அடுப்பில் எண்ணெய் இருக்கும்போது எந்தப் பக்கமும் சுமப்பதில்லை: முன்னால் இருந்தால் தெறிக்கும், பின்னால் இருந்தால் எட்டிப் பிடிக்கும். அலமாரியின் ஓரமாக நடக்கும்போதும் அவள் கை எதைப் பற்றுகிறது என்பதில் கவனம் வேண்டும். கீழே கிடப்பதை எடுக்க முழங்காலை மடக்கி உட்காருங்கள். அவள் தூங்கிவிட்டால் கைப்பேசியின் முன்பக்கக் கேமராவைத் தோளுக்கு மேலே பிடித்துத் தாடையையும் மூக்கையும் பார்த்துக்கொள்வேன். நீண்ட நேரத் தூக்கமாகத் தெரிந்தால் கட்டிலில் கிடத்திவிடுவேன். மழைக்காலத்தில் முதுகு உதவாது, நாம் பிடிக்கும் குடை நமக்குத்தான் மறைக்கும், தண்ணீர் வழிவதெல்லாம் குழந்தையின் மேல். அக்டோபர் வெயிலில் கேரியரின் துணியே ஓர் உடைக்குச் சமம் என்பதால் உள்ளே மெல்லிய பருத்திச் சட்டை ஒன்று போதும். பிடரியில் கைவைத்துப் பார்த்து வியர்த்திருந்தால் இறக்கிவிடுங்கள்.

கேரியரில் கட்டியிருக்கிறோமே என்று ஸ்கூட்டரில் ஏற வேண்டாம். 2022 பிப்ரவரியில் அறிவிக்கப்பட்ட மத்திய மோட்டார் வாகன விதித் திருத்தம், நான்கு வயதுக்குட்பட்ட குழந்தையை ஓட்டுநருடன் பிணைக்கும் பாதுகாப்புப் பட்டையையும், ஒன்பது மாதத்துக்கு மேல் தலைக்கவசத்தையும், மணிக்கு 40 கிலோமீட்டருக்கு மிகாத வேகத்தையும் வலியுறுத்துகிறது. பேபி கேரியர் நடப்பதற்காகச் செய்யப்பட்டது. அந்தப் பாதுகாப்புப் பட்டைக்கு அது ஈடாகாது.

முதுகிலிருந்து மறுபடி மார்புக்கு வர இதே வழியில் இடுப்பு வழியாகத் திரும்பலாம். ஆனால் களைத்திருக்கும் நேரத்தில் நான் கட்டிலின் விளிம்பில் பின்னோக்கி உட்கார்ந்து, அவள் மெத்தையில் அமர்ந்துவிட்டாள் என்று கையால் தடவி உறுதிசெய்த பிறகு நெஞ்சுக் கிளிப், தோள் வார்கள், கடைசியாக இடுப்பு பெல்ட் என்ற வரிசையில் கழற்றிவிட்டு, முன்பக்கம் புதிதாக மாட்டிக்கொள்கிறேன். உங்கள் கேரியரில் வார்கள் முதுகில் குறுக்காகப் போய் மாட்டும் வகையாக இருந்தால், இடுப்பு வழியாக நகர்த்துவதற்கு முன் அவற்றின் பக்கிள்களைக் கழற்ற வேண்டியிருக்கும். அந்த வகைக்கு, தனியாக இருக்கும் நேரங்களில், கட்டிலில் இறக்கி மாட்டும் இந்த வழியையே வைத்துக்கொள்ளுங்கள்.