டொனால்ட் டக் 223 என்றால் 223ஆவது இதழா?

வாத்து, முயல், குரங்கு, காக்கை என்று விலங்குகள் கதாநாயகர்களாக வரும் பழைய சிறுவர் காமிக்ஸ் பற்றி வந்த கேள்விகளுக்கு இந்த இதழில் பதில்.

தாத்தா அமெரிக்க டாக்டர் ஒருவர் வீட்டில் வேலை பார்த்தவர். அவருடைய டிரங்குப் பெட்டியில் டொனால்ட் டக் காமிக்ஸ் ஒன்று இருந்தது. எண் 223. எந்த வருஷத்தது? பக்கம் எதுவும் போயிருக்கிறதா என்று எப்படித் தெரிந்துகொள்வது?
– வாசகர், காட்பாடி

223 டொனால்டின் சொந்த எண் அல்ல. டெல் கம்பெனி 'ஃபோர் கலர்' என்ற ஒரே வரிசையில் 1939 முதல் 1962 வரை 1,300க்கு மேற்பட்ட இதழ்களைப் போட்டது. ஓர் இதழில் வாத்து, அடுத்ததில் முயல், அதற்கடுத்ததில் கௌபாய் என்று ஆள் மாறும். எண் மட்டும் ஓடிக்கொண்டே இருக்கும். அதில் 223 வந்தது 1949இல். ஆண்டிஸ் மலைக்குச் சதுர முட்டை தேடிப் போகும் கதை உள்ளே இருந்தால் அதுவேதான். எழுதி வரைந்தவர் கார்ல் பார்க்ஸ். புத்தகத்தில் அவர் பெயரைத் தேடாதீர்கள். அந்தக் காலத்தில் வால்ட் டிஸ்னி பெயர் மட்டுமே அச்சாகும். அவ்வளவு பெரிய கலைஞரை வாசகர்கள் 'வாத்தை நன்றாக வரைகிறவர்' என்று மட்டுமே அறிந்திருந்தார்கள்.

டொனால்டின் பணக்கார மாமா அங்கிள் ஸ்குரூஜின் தனி வரிசை 4ஆம் எண்ணில் தொடங்குவதும் இதனால்தான். முதல் மூன்று இதழ்கள் ஃபோர் கலரில் 386, 456, 495 என்ற எண்களில் வந்துவிட்டன.

வருஷத்தை முதல் பக்கத்தின் அடியிலோ முன் அட்டையின் உட்புறத்திலோ பொடி எழுத்தில் தேடுங்கள். 1962க்குப் பிந்தைய, கோல்ட் கீ என்ற கம்பெனி போட்ட இதழ் கிடைத்தால் அட்டையில் உள்ள நீள எண்ணின் கடைசி மூன்று இலக்கங்களைப் பாருங்கள். 502 என்றால் 5 வருஷத்தின் கடைசி இலக்கம், 02 பிப்ரவரி மாதம். 1965ஆ 1975ஆ என்ற குழப்பத்தை விலை தீர்த்துவிடும்: 12 சென்ட் என்றால் 1965, 25 சென்ட் என்றால் 1975.

பக்கம் சரிபார்க்க, நடுப்பக்கத்தைத் திறந்து, அங்கே அடித்திருக்கும் கம்பிப் பின்னுக்கு இடப்பக்கம் எத்தனை தாள், வலப்பக்கம் எத்தனை தாள் என்று எண்ணுங்கள். இரண்டும் சமமாக இருக்க வேண்டும். ஒரு பக்கம் ஒன்று குறைந்தால் யாரோ பாதித் தாளைக் கிழித்திருக்கிறார்கள். சமமாக இருந்தாலும் நடுத்தாள் முழுசாக உருவப்பட்டிருக்கலாம். கதை அங்கே தாவுகிறதா என்று படித்துப் பார்த்துவிடுங்கள்.

பழைய பூந்தளிர் இதழ்களில் பின் துருப்பிடித்து, கபீஷ் குரங்கின் கதை வரும் தாள் கழன்று வருகிறது. செலோடேப் போடலாமா?
– வாசகி, குடியாத்தம்

தயவுசெய்து வேண்டாம். நம் ஊர் வெயிலில் டேப்பின் பசை இளகித் தாளுக்குள் இறங்கும். சில வருஷத்தில் மேலே உள்ள பிளாஸ்டிக் உரிந்து விழும். பழுப்புக் கறை மட்டும் தங்கிவிடும். அதை வீட்டில் எடுக்க வழி கிடையாது.

முதலில் துருப்பிடித்த பின்னை எடுங்கள். நடுப்பக்கத்தில் மடங்கியிருக்கும் இரண்டு கால்களையும் தட்டையான மழுங்கிய கத்தி முனையால் நிமிர்த்தி, வெளிப்பக்கம் முதுகிலிருந்து மெல்லத் தூக்குங்கள். இழுக்கக் கூடாது, துருவோடு தாளும் ஒட்டிக்கொண்டு வரும். துருத்தூளை உலர்ந்த பிரஷ்ஷால் தட்டிவிடுங்கள். தண்ணீர் பட்டால் கறை பரவும்.

மடிப்பில் கிழிந்த தாளுக்கு மல்பெரி நாரில் செய்த ஜப்பானிய மெல்லிய தாள் வேண்டும். ஓவியப் பொருள் கடையில் சொன்னால் வரவழைத்துத் தருவார்கள். 1 சென்டிமீட்டர் அகலப் பட்டை வரும்படி ஈரக்கோடு போட்டு, கையால் கிழித்தெடுங்கள். கத்தரித்தால் ஓரம் மொட்டையாக நிற்கும். கிழித்தால் நார் பிரிந்து தாளோடு கவ்வும்.

பசையில்தான் பலரும் தவறு செய்கிறார்கள். மைதாவை அப்படியே காய்ச்சினால் அதிலுள்ள புரதத்துக்கு ராமபாணப் பூச்சி வரும். பூச்சி வராமலிருக்க பைண்டிங்காரர்கள் மயில்துத்தம் போடுவார்கள். அந்தச் செம்பு உப்பு தாளை நொறுங்க வைக்கும். கோதுமை அல்வாவுக்குப் பால் எடுப்பது போல மாவைப் பிசைந்து தண்ணீரில் கசக்கி, சக்கையை நீக்கி, இரவு முழுதும் தெளியவிடுங்கள். மேல்நீரைக் கொட்டிவிட்டு அடியில் தங்கும் வெள்ளை மாவைக் காயவைத்துக்கொள்ளுங்கள். இதில் 1 பங்குக்கு 5 பங்கு தண்ணீர் ஊற்றி, சிறு தீயில் 20 நிமிடம் கிளறி, ஆறியதும் வடிகட்டினால் பசை தயார். உப்பு, துத்தம் எதுவும் வேண்டாம். இரண்டு நாளில் புளித்துவிடும், அதனால் கொஞ்சமாகவே செய்யுங்கள்.

பசையைப் பட்டைத் தாளில் மட்டும் மெல்லியதாகத் தடவி, பளபளப்பு மங்கியதும் ஒட்டுங்கள். அதிக ஈரத்தோடு ஒட்டினால் ஈரம் நின்ற இடத்தில் பழுப்புக் கோடு விழும். மேலும் கீழும் பட்டர் பேப்பர், அதன் மேல் மை ஒற்றும் தாள், அதன் மேல் இரண்டு கிலோ கனம். பத்து நிமிடத்தில் ஒற்றுத்தாளை மாற்றி, மறுநாள் வரை விடுங்கள்.

காய்ந்தபின் புதுப் பின் அடிக்காமல், பழைய துளைகளிலேயே வெள்ளைப் பருத்தி நூலைக் கோத்து நடுப்பக்கத்தில் முடிச்சுப் போடுங்கள்.

24 இதழ்களைச் சேர்த்து பைண்ட் செய்த தொகுப்பு இருக்கிறது. பிரித்துத் தனித்தனியாக்கலாமா?
– வாசகர், ஆரணி

ஓரம் வெட்டிய புத்தகம் பிரித்தாலும் பழைய அளவுக்குத் திரும்பாது. பக்கவாட்டில் குத்தித் தைத்திருந்தால் பிரிக்கும்போது துளை வரிசையிலேயே தாள் கிழியும். ஏற்கெனவே உதிர்ந்த துண்டு ஒன்றின் மூலையை முன்னும் பின்னும் மடித்துப் பாருங்கள். நாலைந்து மடிப்புக்குள் ஒடிந்தால் பிரிக்கும் எண்ணத்தையே விட்டுவிடுங்கள். பைண்ட் செய்த புத்தகங்களை மட்டமாக நினைப்பது சரியல்ல. எத்தனையோ அம்புலிமாமாவும் முத்து காமிக்ஸும் இன்றுவரை தப்பியது அந்தக் காலிகோத் துணி அட்டையால்தான்.

பரணில் வைத்த காமிக்ஸ் கட்டுக்குள் ராமபாணப் பூச்சி. அந்துருண்டை போதுமா?
– வாசகி, வாலாஜா

போதாது. அதன் நெடி குழந்தைகளுக்கும் ஆகாது. புத்தகங்களை இரண்டு பாலிதீன் பைகளில் காற்று நீக்கிக் கட்டி ஃப்ரீசரில் இரண்டு வாரம் வையுங்கள். வெளியே எடுத்ததும் பிரிக்காதீர்கள். ஒரு முழு நாள் பையோடு கிடக்கட்டும். உடனே பிரித்தால் குளிர்ந்த தாளில் நீர் கோத்துவிடும். பிறகு பரணுக்குத் திருப்பி அனுப்பாதீர்கள். கத்திரி வெயிலில் வேலூர்ப் பக்கம் 40 டிகிரி தாண்டும்போது வீட்டிலேயே அதிகம் சூடேறும் இடம் மொட்டை மாடிக்கு அடியில் உள்ள பரண். உள்ளறை பீரோவின் நடுத்தட்டு நல்லது. வெளிச்சுவரை ஒட்டி பீரோ நிற்கக் கூடாது. வேப்பிலை, வசம்பு வைப்பதானால் துணியில் முடிந்து தட்டின் மூலையில் வையுங்கள். பக்கத்துக்கு நடுவே வைத்தால் சாறு கறையாகும்.

கடையில் வாங்கிய பிளாஸ்டிக் உறை நல்லதா என்று எப்படித் தெரியும்?
– வாசகர், ராணிப்பேட்டை

செம்புக் கம்பியைத் தீயில் பழுக்கக் காய்ச்சி உறையின் ஓரத்தைத் தொட்டு, மறுபடி தீயில் காட்டுங்கள். சுடர் பச்சையாக எரிந்தால் பிவிசி. அது காலப்போக்கில் அட்டை மையோடு ஒட்டிக்கொள்ளும். வெட்டவெளியில், புகையை முகராமல் செய்யுங்கள்.

ஆறு வயதுப் பேரன் என்னிடமுள்ள பழைய டொனால்ட் டக் காமிக்ஸைக் கேட்டு அழுகிறான். கொடுக்கலாமா?
– வாசகி, ஆம்பூர்

ஒடியாத தாள் என்றால் மேசையில் விரித்து, பக்கத்தில் உட்கார்ந்து நீங்களே புரட்டிக் காட்டுங்கள். நொறுங்குகிற தாள் என்றால் ஸ்கேனர் மூடியால் அழுத்தாமல், ஜன்னல் வெளிச்சத்தில் செல்போனை நேர் மேலே பிடித்துப் படமெடுத்து, கலரில் பிரிண்ட் போட்டு இரண்டு பின் அடித்துக் கொடுங்கள். அதை அவன் கிழிக்கலாம், மேலே வண்ணமும் அடிக்கலாம்.