இட்லி வரைய எத்தனை வண்ணம் வேண்டும்? ஓவியப் பொருள் வாங்குவோர் கேள்வி-பதில்

கேள்வி: ஆசிரியர் வேலையிலிருந்து ஓய்வு பெற்றுவிட்டேன். வீட்டில் தினமும் கண்ணில் படுவதை வாட்டர்கலரில் வரைய ஆசை. இலையில் இட்லி, பித்தளை டபரா, வாழைப்பழச் சீப்பு, கை பழகியபின் எதிர்த்த டீக்கடை. கடையில் 48 வண்ணம், 12 பிரஷ், ஈசல் (படத்தை நிறுத்தி வரையும் தாங்கி) எல்லாம் சேர்ந்த செட் ஒன்றைத் தள்ளுபடியில் தருகிறார்கள். வாங்கலாமா? இட்லியையும் டபராவையும் வரைந்தால் யாராவது அதை ஓவியம் என்று மதிப்பார்களா? (தஞ்சாவூர் வாசகி)

பதில்: செட் வேண்டாம் அம்மா. நீங்கள் சொன்ன படங்களுக்கு ஏழு வண்ணமும் மூன்று பிரஷ்ஷும் தாராளம். ஈசலும் தேவையில்லை; வாட்டர்கலரைப் பலரும் மேசையில் பலகையைச் சற்றுச் சாய்த்து வைத்துத்தான் வரைகிறார்கள். மிச்சமாகும் பணத்தைத் தாளில் போடுங்கள். புதிதாக வரைய வருகிற பலர், தங்களுக்குக் கை வரவில்லை என்று மனம் உடைந்து விட்டுவிடுகிறார்கள். அவர்கள் வாங்கிய தாளை எடுத்துப் பார்த்தால், அந்தத் தாளில் யார் வரைந்தாலும் வராது.

தாளில் பார்க்க வேண்டியது மூன்று. எடை 300 ஜிஎஸ்எம், அதாவது ஒரு சதுர மீட்டருக்கு 300 கிராம். பரப்பு கோல்டு பிரெஸ்டு, அதாவது லேசான சொரசொரப்பு உள்ளது. மூலப்பொருள் 100 சதவீதம் காட்டன். கடைக்காரர் முதல் விஷயத்தை மட்டும் சொல்லி நிறுத்திக்கொள்வார். மரக்கூழில் செய்த 300 ஜிஎஸ்எம் தாளும் உண்டு. கனமாக இருக்கும், ஆனால் நிறம் சீக்கிரம் காய்ந்து திட்டுத் திட்டாக நிற்கும், இரண்டு முறை தேய்த்தால் நார் எழும்பும். காட்டன் தாள் ஈரத்தைக் கொஞ்ச நேரம் பிடித்து வைக்கும், அந்த நேரத்தில்தான் நிறமும் நிறமும் கலக்கும். ஆர்ச்சஸ், சாண்டர்ஸ் வாட்டர்ஃபோர்ட் போன்ற வெளிநாட்டுத் தாள்கள் விலை அதிகம். நம் நாட்டிலேயே கையால் செய்யும் சித்ரபட் காட்டன் தாள் பழகுவதற்கு நன்றாகவே இருக்கிறது. பேடாக வாங்காமல் 22-க்கு 30 அங்குல முழுத் தாளாக வாங்கி எட்டாக வெட்டிக்கொள்ளுங்கள். பதினொன்றுக்கு ஏழரை அங்குலத்தில் எட்டுத் தாள் கிடைக்கும், பின்பக்கத்திலும் வரையலாம். கணக்குப் போட்டுப் பார்த்தால் பேடை விடப் பெரும்பாலும் மலிவாகவே வரும்.

இன்னொன்று, மொத்தமாக வாங்கி அடுக்க வேண்டாம். தாளின் மேல் பசை போல ஒரு பூச்சு உண்டு. நம் ஊர் ஈரக்காற்றில் அது நாளடைவில் கெட்டுவிடும். அப்புறம் நிறம் மேலே நிற்காமல் உள்ளே உறிஞ்சிப் புள்ளி புள்ளியாகத் தெரியும். கடையிலும் ஓரம் பழுத்த பழைய ஸ்டாக்கைத் தள்ளிவிடுவார்கள், பார்த்து வாங்குங்கள்.

வண்ணத்துக்கு வருவோம். 5 மில்லி டியூபாகத் தனித்தனியே கேளுங்கள்: லெமன் யெல்லோ, யெல்லோ ஆக்கர், ஸ்கார்லெட், குயினாக்ரிடோன் ரோஸ், பர்ன்ட் சியன்னா, அல்ட்ராமரின் நீலம், தாலோ நீலம். வெள்ளையும் கறுப்பும் வாங்க வேண்டாம். டியூபின் பக்கவாட்டில் பொடியெழுத்தில் பிக்மென்ட் குறியீடு, அதாவது உள்ளே இருக்கும் நிறப்பொடி எது என்று சொல்லும் குறியீடு, இருக்கும். அல்ட்ராமரினுக்கு பிபி29 (PB29), ரோஸுக்கு பிவி19 (PV19). குறியீடே இல்லாத டியூபைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். 48 வண்ண டப்பாக்களில் பலவற்றில் இந்தத் தகவல் இருப்பதில்லை. உள்ளே இருப்பதும் பெரும்பாலும் இந்த ஏழெட்டை அவர்களே கலந்து வைத்ததுதான்.

இட்லியை எடுத்துக்கொள்ளுங்கள். வெளிச்சம் படும் பக்கத்தைத் தொடவே கூடாது, அங்கே தாளின் வெள்ளைதான் இட்லி. நிழல் பக்கத்துக்கு நிறையத் தண்ணீரில் அல்ட்ராமரின், அதில் துளி பர்ன்ட் சியன்னா. அடி விளிம்பில் வாழையிலையின் பச்சை லேசாக ஏறியிருக்கும். நிழல் ஈரமாக இருக்கும்போதே அதைத் தொட்டுவிட வேண்டும். மேலே உள்ள துளைகளுக்குத் தண்ணீர் வடித்த பிரஷ்ஷைப் படுக்க வைத்து ஒரு இழுப்பு. இலைக்கு லெமன் யெல்லோவும் தாலோ நீலமும் கலந்து, பர்ன்ட் சியன்னாவால் கொஞ்சம் அடக்குங்கள். டப்பாவில் வரும் ரெடிமேட் பச்சையில் வாழையிலை பிளாஸ்டிக் இலையாகத்தான் தெரியும். டபராவுக்கு ஆக்கரும் சியன்னாவும், இருண்ட இடத்தில் அல்ட்ராமரின், பளபளப்புக்குத் தாளை அப்படியே விட்டுவிடுவது. ஆக, மூன்று பொருளுக்கு ஐந்து வண்ணம்தான் ஆனது.

பிரஷ் எட்டு அல்லது பத்தாம் நம்பர் ரவுண்ட் ஒன்று, நான்காம் நம்பர் ஒன்று, ஒரு அங்குல ஃபிளாட் ஒன்று. எல்லாம் சிந்தெடிக் போதும். புதுப் பிரஷ் கஞ்சி போட்டு விறைப்பாக, கூராக இருக்கும். அதைப் பார்த்து ஏமாற வேண்டாம். கடையில் ஒரு டம்ளர் தண்ணீர் கேட்டு வாங்கி, நனைத்துக் கஞ்சியைப் போக்கி ஒரு உதறு உதறுங்கள். அப்போதும் முனை ஒன்றுகூடி நின்றால் வாங்கலாம். வண்ணம் கலக்க வீட்டில் உள்ள வெள்ளைப் பீங்கான் தட்டு போதும். ஆனால் அதை அப்புறம் சாப்பாட்டுக்கு எடுக்காதீர்கள்; சில வண்ணங்களில் காட்மியம், கோபால்ட் போன்ற நச்சு உலோகங்கள் இருக்கும்.

மதிப்பார்களா என்று கேட்டீர்கள். 18-ஆம் நூற்றாண்டு பிரான்ஸில் ஷார்டான் என்ற ஓவியர் செம்புப் பானை, வெங்காயம், முட்டை, தண்ணீர் டம்ளர் என்று அடுக்களைப் பொருள்களாகவே வரைந்தார். அந்த வகை ஓவியத்தைக் கடைசிப் படியில் வைத்திருந்த அரச ஓவிய அகாடமியே 1728-இல் அவரை உறுப்பினராகச் சேர்த்துக்கொண்டது. நீங்கள் தினமும் கழுவித் துடைக்கிற டபராவின் வளைவு உங்களுக்குத் தெரிந்த அளவுக்கு வேறு யாருக்குத் தெரியும்? தைரியமாக வரையுங்கள்.

கேள்வி: பழைய கடை ஒன்றில் "மங்கூஸ் முடி, இப்போது எங்கேயும் கிடைக்காது" என்று சொல்லி ஒரு பிரஷ் கட்டைக் குறைந்த விலைக்குக் கொடுக்கிறார்கள். ஆயில் பெயின்டிங்குக்கு நன்றாக இருக்கும் என்கிறார்கள். எடுக்கலாமா? (ஈரோடு வாசகர்)

பதில்: எடுக்கவே கூடாது. மங்கூஸ் என்றால் நம் வயல்வரப்பில் ஓடும் கீரி. வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் 1972-இன்படி கீரி முடியை விற்பதும் வாங்குவதும் வைத்திருப்பதும் குற்றம். 7 ஆண்டு வரை சிறை உண்டு. கீரியைக் கொன்றுதான் அந்த முடியை எடுக்கிறார்கள். ஒவ்வொரு முடியிலும் கறுப்பும் வெளிர்மஞ்சளும் பட்டை பட்டையாக மாறி வந்தால் சந்தேகப்படுங்கள். வனத்துறைக்கு ஒரு தகவல் கொடுத்துவிட்டால் இன்னும் நல்லது. ஆயிலுக்கு விறைப்பான சிந்தெடிக்கும் பன்றிமுடிப் பிரஷ்ஷும் எல்லாக் கடையிலும் கிடைக்கின்றன.

கேள்வி: ஆன்லைனில் "300 ஜிஎஸ்எம், 100% காட்டன்" என்று போட்டிருந்த ஏ4 பேட் வாங்கினேன். வந்த தாள் மெலிதாக இருக்கிறது. பேக்கைப் பிரித்துவிட்டதால் திருப்பி எடுக்க முடியாது என்கிறார் விற்பனையாளர். என்ன செய்வது? (கோவை வாசகி)

பதில்: முதலில் சமையலறைத் தராசை எடுங்கள். ஏ4 அளவில் பத்துத் தாள், 300 ஜிஎஸ்எம் என்றால் சுமார் 187 கிராம் இருக்க வேண்டும். 125 கிராம் பக்கம் காட்டினால் அது 200 ஜிஎஸ்எம் தாள். தராசு எண் தெரிகிற மாதிரி போட்டோ எடுங்கள். கூடவே பேக்கின் லேபிள், விளம்பரப் பக்கத்தின் ஸ்கிரீன்ஷாட், பில் எல்லாவற்றையும் சேர்த்து வையுங்கள். லேபிளில் தயாரிப்பாளர் அல்லது இறக்குமதியாளர் முகவரி, எம்ஆர்பி, எத்தனை தாள், வாடிக்கையாளர் சேவை எண் இருக்கிறதா என்றும் பாருங்கள்; இருந்தாக வேண்டும்.

பிரித்ததால் எடுக்க மாட்டேன் என்பது இங்கே செல்லாது. பிரிக்காமல் தாளைப் பார்ப்பது எப்படி? விளம்பரத்தில் சொன்ன தன்மை பொருளில் இல்லை என்றால் விற்பனையாளர் திருப்பி எடுக்க மறுக்கக் கூடாது என்று 2020-ஆம் ஆண்டு இ-காமர்ஸ் விதிகள் தெளிவாகச் சொல்கின்றன. அந்தத் தளத்தின் குறைதீர் அதிகாரிக்கு எழுத்தில் புகார் கொடுங்கள். 48 மணி நேரத்துக்குள் புகார் வந்ததை ஒப்புக்கொள்ள வேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். நடக்கவில்லை என்றால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண். அதற்கும் மசியவில்லை என்றால் நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்தின் நுகர்வோர் ஆணையத்திலேயே வழக்குப் போடலாம். கொடுத்த தொகை 5 லட்சம் வரை இருந்தால் கட்டணம் கிடையாது. ஒரு பேடுக்கா இவ்வளவு என்று விடாதீர்கள். இதே பேட் இன்னும் எத்தனை பேர் வீட்டுக்குப் போகிறதோ.

கேள்வி: மயிலாப்பூர் பூக்கடையை வரைந்த வாட்டர்கலர் ஒன்றை கேலரியில் வாங்கி ஜன்னல் எதிரே மாட்டினேன். ஒரு வருடத்திலேயே அரளிப் பூவின் இளஞ்சிவப்பு வெளுத்துவிட்டது. பணம் திரும்பக் கிடைக்குமா? (சென்னை வாசகர்)

பதில்: "நிறம் மங்காது" என்று பில்லிலோ வாட்ஸாப்பிலோ அவர்கள் எழுதியிருந்தால் உங்கள் பக்கம் பலம் உண்டு. இரண்டு ஆண்டுக்குள் புகார் கொடுத்துவிட வேண்டும். வாய்ப்பேச்சு மட்டும்தான், படமும் நேர் வெயிலில் இருந்தது என்றால் கஷ்டம். கேலரியிடம் பேசி, ஓவியரே அந்த இடத்தைச் சரிசெய்து தருவாரா என்று கேட்பது நடைமுறைக்கு ஒத்த வழி.

அரளிக்கும் தாமரைக்கும் பலர் ஆசைப்பட்டு எடுப்பது ஓபரா என்ற பளிச்சென்ற பிங்க். அதில் ஒளிரும் சாயம் சேர்ந்திருக்கும், வெயிலில் அது நிற்காது. பிஆர்83 (PR83) குறியீடுள்ள அலிசரின் கிரிம்சனும் அப்படித்தான். விற்பதற்காக வரைபவர்களுக்கு ஒரு வேண்டுகோள். புது டியூப் வாங்கியதும் ஒரு துண்டுத் தாளில் பட்டையாகப் பூசி, பாதியை அட்டையால் மூடி, வெயில் வரும் ஜன்னலில் பங்குனியிலிருந்து ஆடி வரை ஒட்டி வையுங்கள். இரண்டு பாதிக்கும் வித்தியாசம் தெரிந்தால் அந்த வண்ணம் உங்கள் பயிற்சி நோட்டோடு இருக்கட்டும். வாங்குபவர்களும் தாள் எது, வண்ணம் எது என்று கேட்டு பில்லில் எழுதி வாங்குங்கள்.

கேள்வி: தெருக்காட்சிகளைப் பேனாவில் வரைந்து மேலே வண்ணம் பூசினால் மை கரைந்து ஓடுகிறது. விலை உயர்ந்த பேனா வாங்க வேண்டுமா? (மதுரை மாணவர்)

பதில்: தேவையில்லை தம்பி. உங்கள் ஊர்த் தெருக்களையும் வீடுகளையும் ஓவியர் மனோகர் தேவதாஸ் கறுப்பு மையில்தான் அத்தனை நுணுக்கமாக வரைந்தார். வண்ணம் இல்லாமலே கொஞ்ச நாள் வரைந்து பாருங்கள். வண்ணம் வேண்டும் என்றால் பிக்மென்ட் மை, வாட்டர்ப்ரூஃப் என்று போட்ட ஃபைன்லைனர் பேனா ஒன்று, 0.3 முனையில். கோடு போட்டு நன்றாகக் காய்ந்தபின் ஈர விரலால் தேய்த்துப் பாருங்கள். பாட்டிலில் வரும் இந்தியன் இங்க்கை மட்டும் ஃபவுன்டன் பேனாவில் ஊற்றிவிடாதீர்கள், உள்ளே இறுகி அடைத்துக்கொள்ளும்.